கட்டமைப்பு முதலில், வண்ணம் கடைசியில்: சின்ன ஸ்டுடியோ வேலையைத் தேர்ந்தெடுத்துச் செய்வது சரியா?

உம்கேனி_கரை (டர்பன்)

டர்பனில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்து இணையதளம் செய்து தருகிறோம். ஒரே சமயத்தில் இரண்டு வேலைக்கு மேல் கையில் வைத்துக்கொள்வதில்லை. கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அன்றைக்கே "இது எங்களுக்குச் சரிப்பட்டு வராது" என்று காரணத்தோடு எழுதி அனுப்பிவிடுகிறோம். நம் ஆட்கள் சிலருக்கு இது திமிராகத் தெரிகிறது, இந்த மன்றத்தில் வேறொரு இழையில் ஒருவர் அப்படியே எழுதியும் இருந்தார். அது எனக்கு உறுத்தலாக இருந்ததால் எங்கள் முறையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

வருகிறவர் பெரும்பாலும் வேறொரு தளத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும், மெரூன் கலரில்" என்பார். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அவருடைய வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்வோம். வாடிக்கையாளர்கள் சமீபத்தில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்போம். பெயர், எண் எதையும் குறிப்பதில்லை, கேள்வியை மட்டும் எழுதிக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பாத்திரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிற ஒருவர் வந்திருந்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை கொண்டுவந்து இறக்குவீர்களா, உடைந்தால் டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பீர்கள், வெள்ளிக்கிழமை எடுத்ததைத் திங்கள்கிழமை தரலாமா, இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அவருடைய பழைய தளத்தில் மூன்றுக்குமே பதில் கிடையாது. முகப்பில் ஆறு பெரிய படங்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் கேள்விகளிலிருந்து பக்கங்கள் பிறக்கும். எந்தெந்தப் பக்கம், அதில் என்ன எழுத்து, எது எதோடு இணைகிறது என்று முடிவு செய்வதைத்தான் கட்டமைப்பு என்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் எழுத்தாக எழுதுவோம்: தலைப்பு, உட்தலைப்பு, பத்தி, இணைப்பு, அவ்வளவுதான். உரிமையாளர் அதைப் போனில் படித்து "ஆமாம், நான் சொல்வது இதைத்தான்" என்ற பிறகுதான் வடிவமைப்பாளர் திரைகளை வரைகிற ஃபிக்மா மென்பொருளைத் திறப்பார். நிஜ எழுத்து வரும்வரை இடம் நிரப்ப லோரெம் இப்சம் என்ற பொருளற்ற வரிகளைப் போடுகிற வேலையே எங்களிடம் இல்லை. சிசரோவின் லத்தீன் நூலிலிருந்து பிய்த்தெடுத்துக் குழப்பிய அந்த வரிகள் எந்தப் பெட்டியிலும் அழகாக உட்கார்ந்துவிடும், நிஜச் சொல் உட்காராது. 'டொனேட்' என்ற அளவுக்கு வெட்டிய பொத்தானில் 'நன்கொடை வழங்க' என்று போட்டுப் பாருங்கள், தெரியும்.

இப்படிச் செய்ய உரிமையாளர் எங்களோடு உட்கார வேண்டும், நாங்களும் அவர் தொழிலைப் படிக்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் இதைச் செய்ய முடியாது. "எழுத்தெல்லாம் நீங்களே எங்கேயாவது பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பவர், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கடை திறக்கக் கேட்பவர், முடிவெடுக்கிற ஆள் யாரென்றே தெரியாத குழு, இவர்களிடம் பணம் வாங்கினால் அது அவர்களை ஏமாற்றுவது என்றே நினைக்கிறேன்.

மிட்ராண்ட்_முகில் (ஜோஹன்னஸ்பர்க் பக்கம்)

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் தனியாளாகத் தொழில் செய்கிறவன். வாடகை, மெடிக்கல் எய்ட், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் மாதம் தவறாமல் வந்து நிற்கும்போது பாதி வேலையைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை. 2023-இல் இங்கே சுழற்சி மின்வெட்டு மிக மோசமான நிலை 6-க்குப் போனபோது, மின்சாரம் இருக்கிற மணிக்கணக்கைப் பார்த்துப் பார்த்து வேலை முடித்தவர்கள் நாங்கள். வந்த வேலை எல்லாமே அப்போது சோறு.

இன்னொன்று, சாதாரணக் கடைக்காரருக்குச் சாம்பல் நிறப் பெட்டியும் வெறும் எழுத்தும் புரியாது. அவருக்கு மனசில் ஓடுவது படம்தான். ஒரு மாதிரிப் பக்கத்தை வண்ணத்தோடு காட்டினால் உடனே "இது வேண்டாம், அது வேண்டும், ஐயையோ டெலிவரியைப் பற்றிப் போடவே இல்லையே" என்று அவரே வாய் திறப்பார். நீங்கள் வாட்ஸ்அப் தோண்டிக் கண்டுபிடிப்பதை நான் ஒரு படத்தைக் காட்டிக் கண்டுபிடிக்கிறேன். பாதி முன்பணம் வங்கி வழியாக அனுப்பிவிட்டு மூன்று வாரமாக ஒரு படம்கூடப் பார்க்காதவர் தூங்குவாரா?

சாட்ஸ்வொர்த்_மளிகை

திருப்பி அனுப்பப்பட்ட ஆட்களில் நானும் ஒருவன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் இல்லை, வேறு ஊர் ஸ்டுடியோ ஒன்று. மசாலா, பருப்பு, பூஜை சாமான் விற்கிற சின்னக் கடை எங்களுடையது, தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஆண்டு வருமானம், இலக்கு வாடிக்கையாளர், பிராண்டின் குணம் என்ன என்று ஒரு மணி நேரம் நிரப்பினேன். ஒரு மாதம் கழித்து "இப்போது புதிய வேலை எடுக்கவில்லை" என்று ஒரு வரி வந்தது. காரணம் கிடையாது, வேறு யாரைப் பார்க்கலாம் என்றும் இல்லை.

தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை, அதை நான் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கையில் பெரிய பணம் இல்லை, ஆனால் தளம் வேண்டும்.

உம்கேனி_கரை

மளிகை அண்ணா, ஒரு மாதம் காக்க வைத்தது தவறு, நியாயம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. நாங்கள் படிவம் வைப்பதில்லை, பத்து நிமிடம் போனில் பேசுவோம். முடியாதென்றால் அன்றைக்கே சொல்லி, யாரிடம் போகலாம் என்றும் சொல்வோம். முகிலைப் போன்ற தனியாட்களுக்குத்தான் நிறைய அனுப்புகிறோம், அவர் செய்கிற மாதிரி வேலைக்கு அவர்தான் சரி.

பணம் குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் நாங்கள் அனுப்புவதில்லை. கட்டமைப்பு வேலைக்குத் தனி விலை வைத்திருக்கிறோம். முடிந்ததும் பக்கங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் முழு எழுத்து, எது எதோடு இணைகிறது என்ற வரைபடம் எல்லாம் ஒரே கோப்பாக அவர் கைக்குப் போகும். அது அவருடைய சொத்து. அதற்கு மேல் எங்களிடம் செய்யலாம், வேறு யாரிடமும் கொண்டுபோகலாம், சொந்தக்காரப் பையனை வைத்து வேர்ட்பிரஸ் மாதிரி இலவச மென்பொருளில் போட்டுக்கொள்ளவும் செய்யலாம். அப்படிப் போனவர்கள் உண்டு, தளம் நன்றாகவே இருக்கிறது.

முகில், படத்தைக் காட்டினால் வாய் திறக்கிறார் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முதல் படம் வண்ணத்தோடு போனால் கூட்டம் முழுக்க வண்ணத்திலேயே போய்விடுகிறது. அண்ணிக்குப் பச்சை பிடிக்காது, மகனுக்குக் கறுப்பு வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் ஓடும், டெபாசிட் விதி எந்தப் பக்கத்தில் வரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் சீக்கிரமே காட்டுகிறோம், ஆனால் நிஜ எழுத்தோடு, கறுப்பு வெள்ளையில், அவர் போனிலேயே. மூன்று வாரம் இருட்டில் உட்கார வைப்பதில்லை.

போனில் காட்டுவதற்கு இன்னொரு காரணம் டேட்டா. தென்னாப்பிரிக்காவின் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் டேட்டா விலை பற்றி இறுதி அறிக்கை கொடுத்தது, 2020 ஏப்ரலில் வோடகாம் என்ற போன் நிறுவனம் 30 நாள் 1 ஜிபியை 149 ராண்டிலிருந்து 99-க்கு இறக்கியது. அந்த 99 கணக்கிலேயே பார்த்தாலும், 4 எம்பி முகப்பை ஒரு முறை திறக்க வருகிறவருக்கு 39 சென்ட் போகிறது. நாள் பாக்கெட், மணி பாக்கெட் என்று வாங்குகிறவர்கள் பலருக்கு ஒரு எம்பியின் விலை அதைவிடவும் கூட. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்க வந்தவர் ஆறு படத்துக்குக் காசு கொடுக்கிறார். எந்தப் பக்கம் எதற்கு என்று முதலிலேயே எழுதி வைத்தால் இந்தப் படங்களுக்கு அங்கே வேலையில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வெருலம்_வேலன்

கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், கோயில் பெயர் வேண்டாம். உம்கேனி_கரை ஆட்கள் எங்களையும் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்ன காரணம், "உங்கள் குழுவில் எல்லாருக்கும் கருத்து இருக்கிறது, யாருக்கும் கையெழுத்து அதிகாரம் இல்லை." கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த கூட்டத்தில் அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினோம். தளத்துக்கு இரண்டு பேர், அவர்கள் முடிவே முடிவு என்று தீர்மானம் போட்டோம், அப்புறம் திரும்பப் போனோம், எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பழைய தளத்தின் கோளாறு வண்ணத்தில் இல்லை. காவடிக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பக்கம், புது இணைய முகவரி. 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. கூகுளில் தேடினால் 2024 பக்கம்தான் மேலே வந்து நிற்கும், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் பகிர்ந்திருந்தார்கள். காவடி எப்போது, பால்குடம் எடுக்க எங்கே பதிவு செய்வது என்று குருக்களுக்கு இரவு பத்து மணிக்கும் போன் வரும். இப்போது காவடிக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. தேதி மட்டும் மாறும், முடிந்த வருடத்தின் படங்கள் தனித் தொகுப்புக்குப் போய்விடும். பழைய முகவரிகள் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்துக்கே நிரந்தரமாகத் (301 என்பார்கள்) திருப்பிவிட்டார்கள், காலண்டரிலும் துண்டுத்தாளிலும் அச்சடித்தவை செத்துப் போகக்கூடாதே. புரட்டாசி, நவராத்திரி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று: தோட்ட வேலைக் காலத்தில் நம் ஆட்களுக்கு விடுமுறை கிடைத்தது ஈஸ்டரில்தான், இங்கே அம்மன் திருவிழா அந்த நாளில் நிலைத்தது அப்படித்தான்.

தமிழ்ப் பக்கங்கள் இன்னும் மோசம். பல வருடம் முன்னால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஏற்றியவை. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு ஏறாத போனில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, நானும் இன்னொரு பெரியவரும் வரி வரியாகப் படித்துத் திருத்தினோம். வண்ணம் பேச ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அந்தப் பேச்சு ஒரே மாலையில் முடிந்துவிட்டது.

போர்ட்லூயி_பூங்கொடி (மொரிஷியஸ்)

வேலன் ஐயா சொன்ன பாமினிக் கதை இங்கேயும் உண்டு. அதோடு மொழிக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கம் எந்த மொழி என்று நிரலில் குறிக்காமல் விட்டால், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்கிற மென்பொருள் தமிழ் வரியை ஆங்கிலக் குரலில் கடித்துத் துப்பும், அல்லது மொத்தமாக விட்டுவிடும்.

எங்கள் ஊரில் ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் மூன்றும் ஓடும், கோயில் சங்கம் என்றால் தமிழும் சேரும். எல்லாரும் செய்வது, ஆங்கிலத் தளத்தைச் செய்து முடித்துவிட்டு மெனுவை மொழிபெயர்ப்பது. நான் செய்து பார்த்தவரை, பிரெஞ்சில் வருகிறவர் தேடுவது வேறாக இருக்கிறது. எந்த மொழியில் எந்தப் பக்கம் தேவை என்பதை முதலிலேயே தீர்மானித்தால் பாதிப் பக்கத்தை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்காது.

ஒரு கேள்வி. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்காக ஒரு தளம் செய்யச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலுள்ள குடியேற்ற ஆவணங்கள் பற்றிய வழிகாட்டி மாதிரி. குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுகிற பெட்டி முகப்பில் வேண்டுமாம். டர்பனில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

உம்கேனி_கரை

பூங்கொடி, செய்ய ஆரம்பித்திருக்கிறோம், குடும்பப் பெயர்ப் பெட்டியை முகப்பிலிருந்து எடுத்துவிட்டோம். ஏனென்று சொல்கிறேன், கட்டமைப்பு என்று நான் சொல்வது எதை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

டர்பன் இருக்கிற அன்றைய நேட்டால் காலனிக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும்வரை வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். இன்று நாம் வைத்திருக்கிற மாதிரியான குடும்பப் பெயர் பெரும்பாலான வரிகளில் இருக்காது, அது பிற்பாடு பள்ளியிலும் பதிவு அலுவலகத்திலும் நிலைத்தது. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், நாயுடுவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறார்கள். கோவெண்டர் என்று போட்டுத் தேடுகிற பேரனுக்கு எதுவும் கிடைக்காது, அல்லது சம்பந்தமில்லாத நூறு பேர் கிடைப்பார்கள். முகப்பிலேயே நம்பிக்கை இழந்து எழுந்து போய்விடுவார்.

அதனால் முகப்பில் முதல் கேள்வி, "உங்கள் கையில் என்ன தாள் இருக்கிறது?" ஆயாவின் பழைய பிறப்புச் சான்றிதழோ திருமணச் சான்றிதழோ இருந்தால், அதில் காலனி எண் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பக்கம். எண் இருந்தால் நேரே அடுத்த படி. எண் இல்லாமல் கிராமப் பெயர் மட்டும் தெரிந்தால் வேறு வழி, வீட்டில் சொன்ன கப்பல் பெயர் மட்டும் இருந்தால் இன்னொரு வழி. தரவுத்தளத்திலும் ஆளுக்கு அடையாளம் அந்த எண்தான், பெயர் அதோடு சேர்த்து நிரப்புகிற ஒரு கட்டம் மட்டும், ஒரு ஆளுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அங்கேயும் குடியேறியவர்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள் இல்லையா, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் நிஜமாகத் தேடிப் பார்த்த குடும்பங்களோடு உட்காருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று தளங்களின் பயன்பாட்டை ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார், எங்கள் அனுபவமும் அதுதான்.

டோங்காட்_தாரணி

நான் மாணவி, வடிவமைப்பு படிக்கிறேன். வகுப்பில் எல்லாமே அழகான திரைகளைப் பற்றித்தான். இந்தக் கட்டமைப்பு வேலையை எங்கே கற்றுக்கொள்வது அக்கா, அண்ணா?

உம்கேனி_கரை

தாரணி, உனக்குப் பிடித்த தளம் ஒன்றை எடுத்து உலாவியில் வண்ணமும் அமைப்பும் தருகிற ஸ்டைலை முழுக்க அணைத்துவிட்டுப் படித்துப் பார். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக மேலிருந்து கீழே வரும். தலைப்புகளை மட்டும் படித்தாலே தளம் எதைப் பற்றியது, எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் நல்ல வேலை. பலவற்றில் 'வரவேற்கிறோம்' என்பதுதான் முதல் தலைப்பாக இருக்கும், தொலைபேசி எண் கடைசியில் எங்கோ கிடக்கும்.

அப்புறம் அட்டை அடுக்குகிற சோதனை. தளத்தில் வர வேண்டிய விஷயங்களைச் சின்னச் சின்ன அட்டையில் எழுதி, உன் பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று சம்பந்தமில்லாதவர்களிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொல். அவர்கள் அடுக்குவதும் கடைக்காரர் அடுக்குவதும் வேறாக இருக்கும், மெனு பிறப்பது அந்த வித்தியாசத்திலிருந்துதான்.

படிவங்களையும் பார். ஒவ்வொரு கட்டத்தையும் ஏன் கேட்கிறோம் என்று உரிமையாளரிடம் கேள். இங்கே தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, 2021 ஜூலை 1 முதல் கட்டாயமாகிவிட்டது. தேவைக்கு மேல் தகவல் வாங்கக்கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. யோகா வகுப்புக்குப் பதிவு செய்ய அடையாள எண் கேட்ட படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டபோது யாருக்கும் பதில் தெரியவில்லை, வேறு எங்கிருந்தோ நகலெடுத்த படிவம்.

மிட்ராண்ட்_முகில்

வேலன் ஐயாவின் காவடிப் பக்கமும் கப்பல் பட்டியலும் படித்த பிறகு கட்டமைப்பு விஷயத்தில் நான் சண்டை போடவில்லை. முகவரியை மாற்றாதீர்கள் என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதிவிட்டார், நாம்தான் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருக்கிறோம். கட்டமைப்புக்குத் தனி விலை என்பதை நானும் செய்து பார்க்கப் போகிறேன்.

ஆனால் தேர்வு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கோயில் குழு திரும்பி வந்தது, ஏனென்றால் அவர்களிடம் தீர்மானம் போட ஒரு அமைப்பு இருந்தது. தனியாகக் கடை நடத்துகிறவர் ஒரு தடவை 'முடியாது' என்று கேட்டால் திரும்பி வரமாட்டார், ஃபேஸ்புக் பக்கத்தோடு நின்றுவிடுவார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வருகிறவரையும் யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அவருக்கு ஒரே ஒரு பக்கம் செய்து கொடுத்துவிட்டு, மீதியை ஜனவரியில் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்வேன். அதுவும் கட்டமைப்புதானே அண்ணா, நேரத்துக்குத் தகுந்த மாதிரி.

உம்கேனி_கரை

ஒரு பக்கம் இப்போது, மீதி ஜனவரியில், இது நல்ல யோசனை முகில். நாங்கள் அப்படிச் செய்யவில்லை, அடுத்த தீபாவளிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். உன்னிடம் அனுப்பவும் செய்வேன்.

சாட்ஸ்வொர்த்_மளிகை

நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து கடை வாட்ஸ்அப்பைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி கேள்விகளை மட்டும் எழுதினோம். அதிகம் வந்தவை இவை. மதர்-இன்-லா மசாலா எவ்வளவு காரம், கால் கிலோவாகக் கிடைக்குமா. ஃபீனிக்ஸுக்கும் உம்ஹ்லங்காவுக்கும் டெலிவரி உண்டா. ஞாயிறு திறந்திருக்குமா. கற்பூரம், விபூதி, வெற்றிலை எப்போது வரும், வெற்றிலைதான் ரொம்பக் கேட்கிறார்கள். ஜோபர்க்குக்குக் கூரியரில் அனுப்புவீர்களா. விலைப் பட்டியல் அனுப்புங்கள். ஒருவர்கூடக் கடையின் வரலாற்றைக் கேட்கவில்லை, நான் அதைத்தான் முகப்பில் பெரிதாகப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

உம்கேனி_கரை

மளிகை அண்ணா, இதில் உங்கள் தளம் வந்துவிட்டது. முகப்பில் முதல் இரண்டு வரி: திறக்கிற நேரம் ஞாயிறு உட்பட, டெலிவரி போகிற ஊர்கள், கூரியர் உண்டு. அதற்குக் கீழே "இன்று வெற்றிலை இருக்கிறது" அல்லது "வியாழன் வரும்" என்று உங்கள் மகள் போனிலிருந்தே மாற்றுகிற மாதிரி ஒரு வரி, வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்த வரிக்காக ஆட்கள் வருவார்கள். மசாலாவுக்கு ஒரு பக்கம்: ஒவ்வொன்றுக்கும் காரத்தின் அளவு, எந்தெந்த எடையில் கிடைக்கும், விலை. விலைப் பட்டியலைப் படமாகப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள், அப்போதுதான் தேடலில் வரும், டேட்டாவும் குறையும். பூஜை சாமானுக்குத் தனிப் பக்கம், அதைத் தேடுகிறவரும் மசாலா தேடுகிறவரும் வேறு வேறு நாளில் வருவார்கள்.

தாத்தாவின் கதையை விட்டுவிடாதீர்கள். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் முழுசாக, கடையின் பழைய படத்தோடு போடுங்கள். ஜோபர்க்கிலிருந்து முதல் தடவை கூரியர் கேட்கிறவர் பணம் அனுப்புவதற்கு முன்னால் அதைத்தான் தேடிப் படிப்பார். மொத்தம் நான்கு பக்கம். இதற்கு எங்கள் ஸ்டுடியோ தேவையில்லை, முகில் ஒரு வாரத்தில் செய்துவிடுவார். முகில், எடுத்துக்கொள்கிறாயா?

மிட்ராண்ட்_முகில்

எடுத்துக்கொள்கிறேன். மளிகை அண்ணா, தனிச் செய்தியில் எண் அனுப்புங்கள், செவ்வாய் மாலை கூப்பிடுகிறேன். மகளையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், வெற்றிலை வரியை மாற்றப் போவது அவர்தானே.